பற்றாக்குறை இலாகா

ஜப்பான்காரன் போன மறு வருஷம் சிங்கப்பூரில் அரிசி இல்லை, துணி இல்லை, சீனி இல்லை. இல்லாததையெல்லாம் எழுதி வைக்க ஓர் இலாகா வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. இலாகா வந்தது. பிறகு அரிசி வந்தது, துணி வந்தது, சீனியும் வந்தது. வந்த இலாகாதான் போகவில்லை.

1957-இல் அதில் அறுபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் குறைந்தாலும், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு குறைந்தாலும், துறைமுகத்தில் கயிறு குறைந்தாலும் அந்தக் கடிதம் முதலில் இங்கேதான் வரவேண்டும். இங்கே கட்டில் கொடுக்க மாட்டார்கள், பெஞ்சும் கொடுக்க மாட்டார்கள். அந்தக் குறைக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் எது என்று கூடிப் பேசி முடிவெடுத்து, அந்தச் சொல்லை மட்டும் சிவப்பு மையில் டைப் அடித்து, முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் நோயாளி குணமாகிப் போயிருப்பான், அல்லது வேறு விதமாகப் போயிருப்பான். சொல் மட்டும் பிசகியிருக்காது.

அந்த இலாகாவில் அழகப்பன் தேத்தண்ணி போட்டார். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, பிற்பகல் மூன்றேகாலுக்கு ஒரு தடவை. பதினொரு வருஷமாக மழையோ வெயிலோ நேரம் தவறியது கிடையாது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் இரண்டே இரண்டு சொற்களின் உருவம் மட்டும் நன்றாகத் தெரியும். அதற்குக் காரணம் அவருடைய வீடு.

வீடு என்றால் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் கவர்மென்ட் கோட்டர்ஸில் ஓர் அறை. பத்தடிக்கு ஒன்பதடி. அதில் அவர், மனைவி பூவம்மா, நான்கு பெண் பிள்ளைகள். மூத்தவள் லட்சுமிக்குப் பதினைந்து வயது. அவள் உடை மாற்ற வேண்டுமென்றால் ஒரு மூலையில் பூவம்மாவின் பழைய சேலையைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். சேலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடம்தான் இருக்கும். அழகப்பன் வெளியே பின்சந்தில் போய் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம் காற்று வாங்க நிற்பதாகச் சொல்வார். சாக்கடை ஓரத்தில் என்ன காற்று என்று யாரும் கேட்டதில்லை. எல்லா வீட்டு அப்பன்மாரும் அங்கேதான் நின்றார்கள்.

ஆறு வருஷமாக அவர் வேறு அறை கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு வருஷமும் ஒரே சொல்தான் சிவப்பில் வந்தது: இன்சஃபிஷியன்ட். மூன்றாவது வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு பெரிய கிராணியான, அதாவது தலைமைக் குமாஸ்தாவான, குலசிங்கத்திடம் போனார். குலசிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஆங்கில அகராதியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவார் என்று இலாகாவில் பேச்சு. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகவே விளக்கினார்.

"இஞ்சை பாரும் அழகப்பன். இடம் அளவிலை குறைவெண்டால் அது இன்சஃபிஷியன்ட். அதுக்கு வரிசையிலை நிக்கவேணும். மனுசர் இருக்கிறதுக்கே உதவாத இடமெண்டால்தான் இனாடிகுவேட். அந்தச் சொல்லுக்கு உடனை வேறை அறை குடுக்கவேணும். அதாலை அந்தச் சொல்லை நாங்கள் லேசிலை குடுக்கிறேல்லை. இந்தக் கந்தோர் துவங்கின நாளிலை இருந்து நாலு பேருக்குத்தான் குடுத்திருக்கிறம். அதிலை ரெண்டு பேர் செத்தாப்பிறகு."

மழை பெய்தால் அறைக்குள் தண்ணீர் வருகிறதே என்று அழகப்பன் கேட்டார். மழை வருவது அறையின் குறை இல்லை, கூரையின் குறை என்றார் குலசிங்கம். கூரை டெஃபிஷியன்ட், அது வேறு ஃபைல்.

அன்றைக்கு அழகப்பன் ஒரு காரியம் செய்தார். டைப்பிஸ்டு குணமணியிடம் அந்த இரண்டு சொற்களையும் ஒரு துண்டுத்தாளில் அடித்து வாங்கிக்கொண்டார். நடுவில் இரண்டு கம்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது இன்சஃபிஷியன்ட். நடுவில் ஒரு வால் கீழே தொங்கினால் அது இனாடிகுவேட். அதற்கப்புறம் வருஷா வருஷம் கடிதம் வந்ததும் சிவப்புச் சொல்லில் வால் தொங்குகிறதா என்று பார்ப்பார். கம்பம்தான் நிற்கும்.

இப்படி இருக்கையில், அந்த வருஷம் ஜூன் மாதம், மனுப் போடாமலே அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. சிவப்புச் சொல்லில் கம்பமும் இல்லை, நடுவில் வாலும் இல்லை. வால் கடைசியில் தொங்கியது. இதென்ன புதுச்சொல் என்று கடைவரிசைக்கு முன்னால் அஞ்சடிப் பாதையில் வெற்றிலைக்கடை வைத்திருந்த முகைதீனிடம் எடுத்துப் போனார். கப்பல்காரர்களிடம் சிகரெட் விற்று விற்று முகைதீனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் பழக்கம்.

முகைதீன் கடிதத்தைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார், பிறகு சிரித்தார். "உங்க சர்வீஸ் ஃபவுண்ட் வான்டிங்னு போட்டிருக்கு. வான்ட்டுன்னா வேணும். ஃபவுண்டுன்னா கண்டுபிடிச்சாச்சு. நீங்க வேணும்னு கண்டுபிடிச்சிருக்காங்க அழகப்பண்ணே. பதினோரு வருஷம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க லா."

அழகப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தேத்தண்ணி போடுகிறவனை யார் கவனிக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் பூவம்மா அடுப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவ்வளவு வேணும்கிறவங்ககிட்ட ரூமைப் பத்திக் கேட்க இதைவிட்டா வேற நேரம் ஏது என்றாள். கேட்கிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்றும் சொன்னாள்.

மறுநாள் அழகப்பன் அறுபத்திரண்டு பேருக்கும் லட்டு கொண்டுபோனார். மேசை மேசையாகப் போய்க் கொடுத்தார். எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குலசிங்கம் லட்டை இரண்டாகப் பிட்டு, பாதியைத் தின்று, மீதியை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, இது விசாரணையைப் பாதிக்காது என்றார். என்ன விசாரணை என்று அழகப்பனுக்குப் புரியவில்லை.

குணமணி மட்டும் லட்டைத் தொடவில்லை. எழுந்து வந்து அவரை ஃபைல் அறைக்குள் கூட்டிப்போனாள்.

"அண்ணை, அதை நான்தான் அடிச்சனான். அது வேணும் எண்ட வான்டிங் இல்லை. காணாது எண்ட வான்டிங்."

"யாரைக் காணோம்? நான் இங்கதானே இருக்கேன்?"

குணமணிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஊரான யாழ்ப்பாணத்தில் போதவில்லை என்பதற்குத்தான் காணாது என்பார்கள். அதை எடுத்துச் சொல்லி, கடிதத்தையும் முழுக்கப் படித்துக் காட்டினாள். அவர் வேலை போதாது என்று இலாகா கண்டிருக்கிறது. பதினான்கு நாளில் அவர் விளக்கம் தரவேண்டும். விளக்கமும் போதவில்லை என்றால் வேலை போகும், வேலை போனால் கோட்டர்ஸ் அறையும் போகும். அழகப்பன் கையில் இருந்த லட்டுத் தட்டைப் பார்த்தார். இன்னும் ஏழு பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

தான் என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் அவர் தவித்தார். தேத்தண்ணியில் சாயம் குறைந்ததா? பால் குறைந்ததா? குலசிங்கத்திடம் கேட்டபோது, குற்றம் எது என்பது ஃபைலில் இருக்கிறது, ஃபைலைக் குற்றம் சாட்டப்பட்டவர் பார்க்கக் கூடாது என்றார். ஆனாலும் வான்டிங் என்பதை இனாடிகுவேட்டாக மாற்றித் தரும்படி மேல்முறையீடு செய்யலாமாம். ஆள் இனாடிகுவேட் என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். அறை இனாடிகுவேட் என்றால் புது அறை, ஆள் இனாடிகுவேட் என்றால் பழைய வேலை. ஆறு வருஷமாகத் தேடிய சொல்லுக்கு இப்படியும் ஒரு பலன் இருப்பது அழகப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மேல்முறையீட்டுக்கு ஒரு பாரம் நிரப்ப வேண்டும். ஸ்டோரில் பாரம் இல்லை. பாரம் இல்லை என்பதற்கு எந்தச் சொல் என்று தீர்மானிக்காமல் புதிது அச்சடிக்கக் கேட்க முடியாது. ஸ்டோர் கிராணி ஸ்கேர்ஸ் என்றார். ஒன்றுகூட இல்லாததை ஸ்கேர்ஸ் என்பது அரிதானதை அவமதிப்பது என்றது மேல்மாடி. இந்த விவாதம் ஒன்பது நாள் நடந்தது. விவாதம் நடந்த ஒன்பது நாளும் அழகப்பன்தான் அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார். பத்தாம் நாள் குணமணி பழைய ஃபைலிலிருந்து ஒரு பாரத்தைப் பார்த்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதேபோல் ஒன்று டைப் அடித்துக் கொடுத்தாள்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் இலாகாத் தலைவரான வெள்ளைக்காரத் துரை. வலப்பக்கம் உதவித் தலைவர் தனசேகரன், இரண்டு டிகிரி வாங்கியவர். இடப்பக்கம் மொழிபெயர்க்கக் குலசிங்கம். எதிரே அழகப்பனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த அறையில் அவர் உட்கார்ந்ததே இல்லை என்பதால் நின்றார்.

முதல் குற்றம் நான்கு வருஷத்துக்கு முந்தியது. ஃபைல் அறையில் தீப்பிடித்த சமாசாரம். அன்று சுவரில் தொங்கிய சிவப்பு வாளியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது, வாளியில் ஓட்டையும் இருந்தது. தண்ணீர் இன்சஃபிஷியன்ட்டா, வாளி இனாடிகுவேட்டா என்று கிராணிமார் பேசிக்கொண்டிருந்தபோது, அழகப்பன் தேத்தண்ணிக் கெட்டிலைக் கொண்டுவந்து ஊற்றி அணைத்துவிட்டார். அதனால் அன்று மாலைத் தேத்தண்ணி ஸ்கேன்டி என்று குறிப்பில் ஏறியிருந்தது. அதாவது ஆளுக்கு அரைக் கிளாஸ்தான் வந்தது. அழகப்பன் அதை ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது குற்றம் ஒரு சீட்டு. மூன்று வருஷத்துக்கு முன் எழுதியது. இலாகாவில் ஒரு விதி உண்டு: குறையைக் குறிக்கும் சொல் எந்தத் தாளில் இருந்தாலும் அந்தத் தாளை ஃபைலில் சேர்த்துவிட வேண்டும். சீட்டில் இரண்டே சொல், டீ வான்டிங். கீழே நேரம், மூன்று மணி பத்து நிமிஷம். டீ என்றால் அழகப்பன் என்று யாரோ அவருடைய ஃபைலில் சேர்த்துவிட்டார். இந்த வருஷம் ஃபைலைப் புரட்டியவர்கள் அதைக் கண்டு திடுக்கிட்டார்கள். இவ்வளவு கடுமையான சொல் மூன்று வருஷமாக நடவடிக்கை இல்லாமல் கிடந்திருக்கிறதே என்று.

குலசிங்கம் சீட்டைத் தூக்கிக் காட்டினார். அழகப்பன் கிட்டே போய்ப் பார்த்தார். எழுத்து தெரியாவிட்டாலும் அந்தச் சீட்டைத் தெரிந்தது. பச்சை மை. அந்த இலாகாவில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான். அழகப்பனுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. தனசேகரன் பக்கம் திரும்பி, சந்தோஷமாகவே பேசினார்.

"ஐயா, இது குறை சொன்ன சீட்டு இல்லைங்க. நீங்க டீ கேட்டு எழுதிக் குடுத்த சீட்டு. ஹார்பர் ஆளுங்க வந்திருந்தாங்க பாருங்க, அன்னைக்கு. நான் உடனே கொண்டாந்தேன். நீங்க ரெண்டு கிளாஸ் குடிச்சீங்க. டீ வேணும்கிறதைத்தான் எழுதியிருக்கீங்க. அப்ப முகைதீன் பாய் சொன்ன அர்த்தம்தாங்க சரி."

துரை, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். குலசிங்கம் நெடுநேரம் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் இரண்டே சொல் சொன்னார். அது என்னவென்று அழகப்பனுக்குத் தெரியாது. துரைக்குப் போதவில்லை என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

தனசேகரன் குரலை உயர்த்தவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் தமிழிலேயே சொன்னார்.

"அழகப்பன், நீ சொல்றது உண்மைன்னே வச்சுக்குவோம். நான் டீ கேட்டுத்தான் எழுதினேன். அப்ப என் இங்கிலீஷ் தப்புன்னு ஆகும். என் இங்கிலீஷ் தப்புன்னா, பத்து வருஷமா நான் கையெழுத்துப் போட்ட நாலாயிரம் டிசிஷனும் தப்பு. ஆஸ்பத்திரி, ஸ்கூல், ஹார்பர் எல்லாம் இவ்வளவு நாளா தப்பான குறையில இருந்திருக்கும். ஒரு டீக்காக கவர்மென்டை அந்த நிலைமைக்குக் கொண்டுபோக முடியுமா? நீயே சொல்லு."

அழகப்பனுக்கு அது நியாயமாகவும் பட்டது, அநியாயமாகவும் பட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சும்மா நின்றார். நிற்கும்போது சேலைத் திரை கண்ணுக்குள் வந்தது.

துரை நல்ல மனிதர். இந்த ஆளுக்குக் குறைகளின் வித்தியாசம் விளங்காததால்தான் சிக்கல் என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய மொழியிலேயே கேட்டுப் பார்க்கலாம் என்றார். வீட்டில் அரிசி குறைந்தால் உன் மனைவி என்ன சொல்வாள்? குலசிங்கம் கேட்டுச் சொன்னார்.

"பத்தாதும்பா."

துணி குறைந்தால்? பத்தாது. தேத்தண்ணியில் சாயம் குறைந்தால்? பத்தாது. ஒருவன் செய்கிற வேலை சரியில்லையென்றால்? அதுவும் பத்தாதுதான். நீ இருக்கிற அறைக்கு? அழகப்பன் இதற்கு மட்டும் ஒரு சொல் கூட்டி, "பத்தவே பத்தாதுங்க," என்றார்.

இவ்வளவுக்கும் ஒரே சொல்லா என்று துரை கேட்டார். குலசிங்கம் இலாகாவின் கௌரவத்தைக் காப்பாற்ற நினைத்து, யாழ்ப்பாணத்தில் காணாது என்று இன்னொரு சொல்லும் இருப்பதைச் சொன்னார். துரை ஆவலோடு பென்சிலை எடுத்தார். பத்தாது என்பதற்கும் காணாது என்பதற்கும் என்ன வித்தியாசம்? குலசிங்கம் யோசித்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் வித்தியாசம் அகப்படவில்லை. நடுவில் கடல் ஒன்றுதான் வித்தியாசம் என்று சொல்லவேண்டியதாயிற்று.

துரை பென்சிலைக் கீழே வைத்தார். தீவில் இத்தனை தமிழர்கள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாக் குறையையும் சொல்லி, சம்பந்தப்பட்டவருக்கும் உடனே புரிந்து, அரிசியும் வாங்கி வந்துவிடுகிறார்கள் என்பது வெளியே தெரிந்தால் அறுபத்திரண்டு பேரின் கதி என்ன? மேலிடம் ஏற்கெனவே செலவைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் கேட்ட கேள்விகளும் பதில்களும் குறிப்பில் ஏறவேண்டாம் என்று உத்தரவாயிற்று. விசாரணை முடிந்தது. மணி மூன்றேகால் என்பதால் அழகப்பன் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார்.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. குணமணி அதை நேரில் கொடுத்தாள். இந்தத் தடவையும் சிவப்புச் சொல் புதிது. அவரை வான்டிங் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது அந்தச் சீட்டையும் உதவித் தலைவரின் ஆங்கிலத்தையும் மறுபடி பேச்சுக்கு இழுக்கும். திருப்திகரம் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஃபைலில் ஏறியது இறங்காது. ஆகவே இலாகா அவருடைய பதவியையே புதிதாக ஆராய்ந்தது. குறைகளுக்குப் பெயரிடுவதுதான் இலாகாவின் பணி. அதில் கேட்டவருக்குக் கேட்ட பொருளை எடுத்துக் கொடுக்கிற ஒரே ஆள் அழகப்பன்தான் என்பது தெரியவந்தது. அது இலாகாவின் நோக்கத்துக்குள் அடங்காது. எனவே அவர் சர்ப்ளஸ்.

"அப்பிடின்னா?"

"மிச்சம், அண்ணை," என்றாள் குணமணி.

வீட்டில் பூவம்மாவுக்கு இது ஏறவே இல்லை. பத்தலைன்னுதானே கூப்பிட்டாங்க, எப்படி மிச்சமானீங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அழகப்பனும் தமக்குத் தெரிந்தவரை விளக்கிப் பார்த்தார். பாதியில் அவருக்கே அழுகை வந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று பின்சந்துக்குப் போய் நின்றார்.

ஒரு மாதத்தில் அறையைக் காலி செய்யவேண்டும். பிடோக்கில் பூவம்மாவின் தம்பி தன் கிராமத்து வீட்டில் ஓரமாக ஒரு சாய்ப்பு இறக்கித் தருவதாகச் சொன்னான். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை முகைதீன் யாருடைய லாரியையோ இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். தம்முடைய மொழிபெயர்ப்பால்தான் எல்லாம் நடந்தது என்று அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சி. உங்க அர்த்தம்தான் பாய் சரி என்று அழகப்பன் எத்தனையோ தடவை சொல்லியும் அது போகவில்லை. பாத்திரங்கள் ஏறின, பெட்டி ஏறியது, பாய்கள் ஏறின.

அப்போது குணமணி வந்தாள். கந்தோரில் நாலு வாரமாகத் தேத்தண்ணி இல்லை என்றாள். அதற்கு என்ன சொல் என்று இன்னும் முடிவாகவில்லையாம். குலசிங்கம் இழுப்பறையில் வைத்திருந்த பாதி லட்டில் எறும்பு ஏறியிருந்ததாம். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள்.

"இதையும் நான்தான் அடிச்சனான், அண்ணை. நாளைக்குத் தபாலிலை வரும். அதுக்கு முன்னம் நானே தரவேணும் போலை இருந்தது."

அழகப்பன் வாங்கிப் பிரித்தார். நீளமான கடிதம். சிவப்பில் ஒரே ஒரு சொல். அவர் அதைப் பார்த்தார். கம்பம் இல்லை. நடுவில் ஒரு வால் கீழே தொங்கியது.

அவருக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் குணமணி சொன்னாள். போன வாரம் ஆட்கள் வந்து அறையை அளந்துபோனது அடுத்தவருக்குக் கொடுப்பதற்காகவாம். மனிதர் குடியிருக்க உதவாத அறை என்று எழுதிவிட்டார்களாம். இனி இதில் யாரையும் வைக்கப் போவதில்லை, பக்கத்து அறையோடு இடித்துச் சேர்த்து ஒரு கிராணிக்குக் கொடுக்கப் போகிறார்கள். இலாகா தொடங்கிய நாளிலிருந்து இது ஐந்தாவது.

பூவம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, என்ன கடுதாசி என்றாள்.

"நம்ம கேட்ட சொல்லு வந்திருச்சு," என்றார் அழகப்பன்.

"எது, அந்த வாலு வச்சதா?"

"அதான்."

பூவம்மா லட்சுமியை வெளியே போய் லாரியில் ஏறச் சொன்னாள். அறையில் இன்னும் எடுக்காமல் இருந்தது மூலைச் சேலை ஒன்றுதான். அதைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து, நாலாக மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளும் வெளியே வந்தாள்.